ஹலால் மட்டும் போதுமா?



மாத்தூரிலும் மணலியிலும் மாலை நேரமானால் சாலையோரங்களில் தள்ளுவண்டிகள் வரிசையாக நிற்கின்றன. ஆலைகளில் வேலை முடித்து வருவோரும், கண்டெய்னர் லாரி ஓட்டுநர்களும் அங்கேதான் பசியாறுகின்றனர். பிரியாணியும் சமோசாவும் விற்போரில் நம் சகோதரர்கள் பலர் உள்ளனர். "பாய் கடை" என்று நம்பி வருகின்ற மக்களின் நம்பிக்கை ஓர் அமானிதமாகும்.

அத்தகைய சகோதரர் ஒருவர் அஸர் தொழுகைக்குப் பின் என்னிடம், "ஹஜ்ரத்! பகலில் மிஞ்சிய பிரியாணியை இரவில் நன்றாகச் சூடாக்கித்தான் கொடுக்கிறேன். சூட்டில் கிருமிகள் செத்துவிடாதா?" என்று கேட்டார். அவர் ஏமாற்றுக்காரர் அல்லர். தம் பிள்ளைகளுக்கும் அதையே ஊட்டுபவர். அவரிடம் நேர்மை இருந்தது, அறிவுதான் எட்டவில்லை.

விளக்கம் இதுதான். அரிசியில் இருக்கும் ஒருவகைக் கிருமியின் வித்துகள் கொதிக்க வைத்தாலும் சாவதில்லை. சோறு 60 டிகிரி சூட்டுக்குக் கீழே ஆறி, மணிக்கணக்கில் வெளியே இருக்கும்போது அவை முளைத்துப் பெருகி நஞ்சை வெளியிடுகின்றன. மறுபடி சூடாக்கும்போது கிருமி சாகலாம். ஆனால் அந்த நஞ்சு அழிவதில்லை. வெட்டுக்காயம் பட்ட கையிலிருந்து உணவில் சேரும் கிருமிகளின் நஞ்சும் இத்தகையதே. வாடையும் மாறாது, சுவையும் மாறாது.

2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஷவர்மா சாப்பிட்ட 14 வயதுச் சிறுமி ஒருத்தி உயிரிழந்ததை நாம் மறக்கலாகாது. பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸினால் நோய் பரவும் என்பதால், தமிழக அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்கு அதற்குத் தடை விதித்தது.

அல்லாஹ் தன் திருமறையில் (2:168), மனிதர் அனைவரையும் விளித்து, ஹலாலானதையும் 'தய்யிப்' ஆனதையும், அதாவது தூய்மையானதையும் உண்ணுமாறு கட்டளையிடுகின்றான். முறைப்படி அறுத்துவிட்டோம் என்பதோடு நம் கடமை முடிந்துவிடவில்லை.

தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை நுழைத்து உள்ளே ஈரத்தைக் கண்டபோது, மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என எச்சரித்தார்கள் (முஸ்லிம்). நேற்றைய சோற்றின் மேல் இன்றைய சோற்றைப் பரப்புபவர் இந்த ஹதீஸைச் சிந்திக்கட்டும்!

மிஞ்சிய அரை தேக்சாவைக் கொட்டினால் அன்றைய வருமானமே போய்விடுமே என்பது உண்மைதான். எனவே ஒரே தடவையாகச் சமைக்காமல், விற்கும் அளவுக்கு இருமுறை சமையுங்கள். மிஞ்சும் எனத் தெரிந்தால் சூடாக இருக்கும்போதே ஏழைகளுக்குக் கொடுத்துவிடுங்கள். வீண்விரயமும் இல்லை, நன்மையும் உண்டு. பணத்தைத் தொட்ட கையைச் சோப்பால் கழுவாமல் உணவைத் தொடாதீர்கள். பச்சை இறைச்சி வெட்டிய கத்தியால் வெங்காயம் நறுக்காதீர்கள். ஒரே துணியால் கையையும் தட்டையும் துடைக்காதீர்கள். பாத்திரங்களை மூடி வைப்பது நபிவழி. சாலைத் தூசி நிறைந்த நம் பகுதிக்கு அது மிக அவசியம். அச்சிட்ட செய்தித்தாளில் உணவைப் பொதிவது 2018ஆம் ஆண்டின் விதிகளின்படி தடை செய்யப்பட்டதாகும்; மையிலுள்ள இரசாயனம் சூடான எண்ணெய்ப் பண்டத்தில் இறங்கிவிடும்.

2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் தள்ளுவண்டி வியாபாரிகளுக்கும் உரியதே. அவர்களுக்கும் 'ஃபோஸ்டாக்' எனும் பயிற்சி உள்ளது. மஹல்லா ஜமாஅத்தார் இதனைப் பள்ளிவாசல் வளாகத்திலேயே நடத்த ஏற்பாடு செய்யலாமே! ரமளானில் நாம் காய்ச்சும் நோன்புக் கஞ்சிக்கும் இதே ஒழுங்கு வேண்டும். சூடான கஞ்சியைப் பிளாஸ்டிக் பையில் ஊற்றி வாங்குவதை விட்டு, வீட்டிலிருந்து தூக்குவாளி கொண்டு வாருங்கள்.

தாய்மார்களே! பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்கும்முன், "எப்போது சமைத்தது?" என்று கனிவாகக் கேளுங்கள். அக்கேள்வி வியாபாரியை அவமதிப்பதன்று. அவருடைய அமானிதத்தை நினைவூட்டுவதாகும்.

ஹலாலானதையும் தூய்மையானதையும் உண்ணவும், பிறருக்கு உண்ணக் கொடுக்கவும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக! ஆமீன்.