மௌனம் அறிந்த குழல்

பைக்குழல் என்றவுடன் நம்மில் பலருக்கும் நினைவில் எழுவது, பட்டாளத்தின் முன்னே முழங்கிச் செல்லும் ஸ்காட்லாந்து நாட்டுக் கருவியே ஆகும். ஆனால் இங்கிலாந்தின் வடகோடியில், ஸ்காட்லாந்தை அடுத்துள்ள நார்தம்பர்லாந்துப் பகுதியில், வீட்டினுள் கணப்பருகே அமர்ந்து வாசிக்கத்தக்க, மென்மையான குரலுடைய வேறொரு பைக்குழல் வழங்கி வருகிறது. சிறுகுழல் என்று பொருள்படும் பெயராலேயே அதனை அவ்வூரார் அழைப்பர்.

இதனை வாயால் ஊதுவதில்லை. வாசிப்பவர் வலக்கையில் கட்டிய சிறு துருத்தியை முழங்கையால் இயக்குவார். அக்காற்று இடக்கையின் கீழ் அணைத்த தோற்பையில் நிறைந்து, குழல்களுக்குச் செல்லும். அவற்றுள் ஒன்று பாட்டுக்குழல். மற்றவை, நம் நாகசுரத்துக்கு ஒத்துப்போல இடைவிடாது சுருதி கூட்டுவன.

இதன் தனிச்சிறப்பு பாட்டுக்குழலில் இருக்கிறது. ஸ்காட்லாந்துக் குழலின் அடிமுனை திறந்தது. ஆதலால் காற்றுள்ளவரை அது ஒலித்துக்கொண்டே இருக்கும். ஒரே சுரத்தை இருமுறை வாசிக்க, இடையில் வேறொரு சுரத்தை இமைப்பொழுது தொட்டே பிரிக்க வேண்டும். சிறுகுழலின் அடிமுனையோ அடைக்கப்பட்டது. துளைகள் அனைத்தையும் மூடினால் காற்றுக்கு வழியில்லை, பாட்டுக்குழல் மௌனமாகிவிடும். ஒரு துளையைத் திறந்து மூடிய பின்னரே அடுத்ததைத் திறப்பது பழைய மரபு. ஆகவே ஒவ்வொரு சுரமும் கோத்த முத்தென இடைவெளிவிட்டு ஒலிக்கிறது.

1800-ஆம் ஆண்டை ஒட்டி ஜான் பீகாக் என்னும் கலைஞர் இக்கருவிக்குரிய மெட்டுகளைத் தொகுத்து வெளியிட்டார். 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ராபர்ட் ரீட் போன்ற கைவினைஞர்கள் விசைகளைப் பொருத்தி, அதன் சுரவீச்சை விரித்தனர். பின்னாளில், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியான டாம் கிளஃப் (1881–1964) மூடி வாசிக்கும் மரபைச் செவ்வனே காத்தார். பில்லி பிக் (1902–1968) என்பவரோ அதனினும் தளர்ந்த, துள்ளலான பாணியைக் கையாண்டார். கலையைப் பேண 1928-இல் ஒரு குழலிசைஞர் சங்கம் நிறுவப்பெற்றது.

இக்குழலை நான் இசைத்தட்டில் முதன்முறை கேட்டபோது, என்னிடம் படித்த ஒரு சிறுவன் நினைவுக்கு வந்தான். செய்யுள் ஒப்பிக்கையில் அவன் அடிக்கடி நின்றுவிடுவான். மறந்துவிட்டான் என்றெண்ணிப் பலமுறை கடிந்துகொண்டேன். பொருளை நினைந்தே அவன் நின்றான் என்பது, அவன் பள்ளியை விட்டுச் சென்றபின்தான் எனக்கு விளங்கிற்று. பாட்டுக்குழல் ஓய்ந்திருக்கும் அந்த இடைவெளியிலும் சுருதி ஒலித்துக்கொண்டுதான் இருக்கிறது. இதை அவனிடம் நான் சொன்னதில்லை. இன்று எங்கேனும் அவன் வானொலி கேட்டுக்கொண்டிருந்தால், என் கடன் தீரட்டும்.