உங்களுக்குத் தெரியுமா?

ஒரு வீடு எவ்வளவு சீக்கிரம் விற்கும் என்பதை, உரிமையாளர் அதை முன்பு வாங்கிய விலையும் தீர்மானிக்கிறது. 1990களில் பாஸ்டன் நகர மையத்து அடுக்குமாடி வீடுகளை ஆராய்ந்து, பொருளியலாளர்கள் டேவிட் ஜெனசோவும் கிறிஸ்டோபர் மேயரும் 2001இல் இதைக் காட்டினர்.

• விலை சரிந்தபோது, நஷ்டத்தை எதிர்நோக்கியவர்கள் அந்த நஷ்டத்தில் 25 முதல் 35 சதவீதம் வரை கூட்டி விலை சொன்னார்கள்.

• பிடிவாதத்துக்குப் பலன் இல்லாமல் இல்லை. ஆனால் கூடுதலாகக் கைக்கு வந்தது, நஷ்டத்தில் 3 முதல் 18 சதவீதம்தான். வீடு விற்கவோ அதிக நாள் பிடித்தது.

• கடன் பாக்கிதான் காரணமா? அதைக் கணக்கில் எடுத்த பிறகும் இந்தப் போக்கு நீடித்தது.

• முதலீட்டாளர்களைவிடக் குடியிருந்தவர்களிடம் இது ஏறத்தாழ இரு மடங்கு.

வாங்க வருபவர் பார்ப்பது இன்றைய சந்தையை மட்டுமே. விற்பவரும் அதையே பார்த்து விலை சொல்வது நல்லது.