விருந்தாளியை எழுப்பாதீர்கள்!

விடுமுறை வந்தால் பிள்ளைகளை எங்கே அழைத்துச் செல்வது என்ற கவலை உங்களுக்கும் உண்டல்லவா? இம்முறை ஜனவரி அல்லது பெப்ரவரியில், மழை ஓய்ந்த ஒரு நாளில், மன்னாருக்குப் போய் வாருங்களேன்! பணம் கொட்டிச் செலவழிக்க வேண்டியதில்லை. இடியப்பமும் சம்பலும் கட்டிக்கொண்டு, ஒரு போத்தல் தேநீரும் எடுத்துக்கொண்டால் போதும்.

மன்னார்த் தீவுக்குச் செல்லும் பாதையை அண்டியே வங்காலைச் சரணாலயம் இருக்கிறது. 2008இல் சரணாலயமாக்கப்பட்ட இந்த 4,839 ஹெக்டேயர் நிலம், 2010இல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலமாகவும் ஏற்றுக்கொள்ளப்பட்டது. வடக்கே குளிர் நாடுகளில் நீர்நிலைகள் உறையும்போது, பறவைகள் ஆயிரக்கணக்கான மைல்கள் கடந்து இங்கு வருகின்றன.

அதிகாலையில் சென்றால் நன்றாகப் பார்க்கலாம். ஊசிபோல் வால் நீண்ட வாத்துகளைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். பூநாரை தலையைக் கவிழ்த்து, நீரை அலகால் வடித்து உண்ணும் விந்தையைக் காட்டுங்கள். அதன் செந்நிறம் அது உண்ணும் பாசியிலிருந்தும் சிற்றுயிர்களிலிருந்தும் கிடைப்பது. அதனால்தான் அதன் குஞ்சுகள் சாம்பல் நிறமாக இருக்கின்றன.

சேற்றோரத்தையும் கவனியுங்கள். குட்டை அலகுள்ளவை மேலே கிடப்பதைப் பொறுக்கும். நீண்ட அலகுள்ளவை ஆழத்தில் இருப்பதை எடுக்கும். ஒரே சஹனில் பலர் அமர்ந்து அவரவர் பக்கத்தில் உண்பது போலத்தான்!

ஆனால் தாய்மாரே, ஒன்றில் கவனமாக இருங்கள். வாகனம் நின்றதும் பிள்ளைகள் கைதட்டிக்கொண்டு ஓடுவார்கள். "எல்லாம் ஒன்றாகப் பறந்தால் நல்ல படம் எடுக்கலாம்" என்று பெரியவர்களே கல்லெறிவதும் உண்டு. நமக்கு அது ஒரு நிமிட வேடிக்கை. பறவைக்கோ அது இழப்பு. ஊர் திரும்பும் நெடும் பயணத்துக்காக அது உடலில் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டிருக்கிறது. அந்தக் கொழுப்புத்தான் அதற்கு எண்ணெய். வீணாகப் பறக்கும் ஒவ்வொரு தடவையும் அது கரைகிறது. உண்ணும் நேரமும் போய்விடுகிறது. பூநாரை மேலெழும்புவதற்கே நீரில் சில அடிகள் ஓட வேண்டும்.

ஆகவே தூரத்தில் நின்று, குரலைத் தாழ்த்திப் பாருங்கள். இரவல் தொலைநோக்கி ஒன்று கிடைத்தால் இன்னும் நல்லது. உணவு சுற்றிய பொலித்தீனை மறக்காமல் வீட்டுக்கே கொண்டுவாருங்கள்.

சஹனில் அமர்ந்த விருந்தாளியை நாம் பாதியில் எழுப்புவதில்லை. தூரத்திலிருந்து வந்த இந்த விருந்தாளிகளையும் எழுப்ப வேண்டாமென்று உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.