தாயில்லா முயற்குட்டி

தாயை இழந்த முயற்குட்டிக்கு அடிக்கடி பால் பருக்க வேண்டுமென்று எண்ணுகிறோம். தாய்முயலோ நாளுக்கு ஒரு தடவை, சில நிமிடங்களே பால் கொடுக்கும். ஆகவே இளஞ்சூடான ஆட்டுப்பாலை இரண்டு வேளை, குட்டியை மல்லாத்தாமல், துளித்துளியாகக் கொடுங்கள். வயிறு உருண்டதும் நிறுத்துங்கள்.

மூன்றாம் கிழமையளவில் புல் கொறிக்கத் தொடங்கும்போது வயிற்றோட்டம் வரக்கூடும். அப்படி வந்த என் குட்டிக்கு, வீட்டில் மிஞ்சிக் கிடந்த அமொக்சிசிலின் மருந்தைக் கரைத்துப் பருக்கினேன். இரண்டாம் நாள் செத்துக் கிடந்தது. புல்லைச் செரிக்க உதவும் நல்ல கிருமிகளையே அம்மருந்து கொன்றுவிடும் என்று பின்னரே அறிந்தேன். தாய்முயல் கூட்டில் விட்டுச்செல்லும் புழுக்கைகளைக் கொறித்துத்தான் குட்டிகள் அக்கிருமிகளைப் பெறுகின்றன. உங்களிடம் நோயற்ற வேறு முயல் இருந்தால் அதன் புழுக்கை ஒன்றிரண்டைக் குட்டியருகே போடுங்கள்.

ஓட்டம் கண்டால் கீரையை நிறுத்தி, காய்ந்த புல்லும் கொதித்தாறிய நீரும் வையுங்கள். வயிறு உப்பினால் தாமதியாமல் மிருக வைத்தியரிடம் கொண்டு செல்லுங்கள்.