கார் நிற்கிற நேரம்: ஒரு கிளப் ரேஸ் வார இறுதி

ஒரு கிளப் ரேஸ் வார இறுதியில் கார் நிஜமாகவே டிராக்கில் ஓடும் நேரம் எவ்வளவு இருக்கும்? இருங்காட்டுக்கோட்டையில் ஒரு சின்ன டீமோடு மூன்று நாள் இருந்தபோது நோட்டில் குறித்து வைத்தேன். பயிற்சி இரண்டு முறை, தலா 20 நிமிடம். தகுதிச் சுற்று 15 நிமிடம். எட்டு லேப் ரேஸ் இரண்டு, தலா சுமார் 15 நிமிடம். எல்லாம் சேர்த்து ஒன்றரை மணி நேரம்கூட வரவில்லை. மீதி நேரமெல்லாம் கார் ஸ்டாண்ட் மேல் நிற்கிறது. ஆனால் சின்ன டீமுக்கு ரேஸ் பெரும்பாலும் அந்த நிற்கிற நேரத்தில்தான் முடிவாகிறது. அது எப்படின்னு சொல்லத்தான் இந்தப் பதிவு.

கொஞ்சம் பின்னணி. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-ல் தொடங்கியது. ரொம்ப காலம் ரேஸ் நடந்தது சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம் ஒன்றில். பிறகு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் கிளப்பே ஒரு டிராக் கட்டிக்கொண்டது. நீளம் சுமார் 3.7 கிலோமீட்டர், 12 திருப்பங்கள். இந்தக் கதையில் இன்னொரு ஊர் கோயம்புத்தூர். மாருதி 800 எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி என்கிற மலிவான ரேஸ் காரை உருவாக்கிய எஸ்.கரிவரதன் அந்த ஊர்க்காரர். 1995-ல் விமான விபத்தில் இறந்தார். கோவையில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரில்தான்.

நான் கூடப் போன டீம் ஓட்டியது ஃபார்முலா எல்ஜிபி 1300. திறந்த சக்கரம், ஒற்றை இருக்கை, 1300 சிசி சுசுகி எஞ்சின். இந்தப் பிரிவில் எல்லோருக்கும் ஒரே மாதிரி கார். அதனால் பணம் கொட்டிப் பெரிய எஞ்சின் வாங்கி ஜெயித்துவிட முடியாது. வித்தியாசம் ஓட்டுபவரிடம் இருக்கும், அல்லது காரை எப்படித் தயார் பண்ணியிருக்கிறோம் என்பதில் இருக்கும். எங்களில் நாலு பேர்: ஓட்டுகிற தம்பி, அவனுடைய அப்பா, கோவையிலிருந்து வந்த மெக்கானிக் அண்ணன், டயர் காற்றும் நேரமும் குறிக்கிற வேலையில் நான்.

முதல் வேலை பரிசோதனை. ஹெல்மெட், தீத்தடுப்பு உடை, சீட் பெல்ட், தீயணைப்பான், மெயின் சுவிட்ச் எல்லாவற்றையும் அதிகாரிகள் பார்த்து ஸ்டிக்கர் ஒட்டினால்தான் டிராக்குக்குள் விடுவார்கள். பெரிய டீமில் இதற்குத் தனி ஆள் இருப்பார். எங்களுக்கு அது ஒரு காலைப் பொழுது.

அடுத்தது டயர் காற்று. இதில் கொஞ்சம் ஸ்கூல் பிசிக்ஸ் இருக்கிறது. காலையில் 30 டிகிரியில் 22 பிஎஸ்ஐ அடிக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளிக்காற்றின் அழுத்தத்தையும் சேர்த்தால் அது 36.7. நாலைந்து லேப் ஓடி டயருக்குள் இருக்கும் காற்று 70 டிகிரிக்குப் போனால் அது ஏறக்குறைய 41.5 ஆகும். கேஜில் 27-க்குப் பக்கத்தில் காட்டும். ஐந்து பிஎஸ்ஐ கூடினால் ரப்பர் தரையைப் பிடிக்கிற விதமே மாறிவிடும். அதனால் பார்க்க வேண்டியது நாம் அடித்த அளவு இல்லை, ஓடி முடித்த சூட்டில் இருக்கிற அளவுதான். கார் உள்ளே வந்த அடுத்த நிமிடமே அளக்க வேண்டும். நாலு டயரும் ஒரே மாதிரி ஏறுவதும் இல்லை, திருப்பத்தில் வெளிப்பக்கம் இருப்பது அதிகம் சூடாகும். சூட்டில் எது எவ்வளவு ஏறியது என்று எழுதி, அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு அடுத்த முறை குளிரில் எவ்வளவு அடிப்பது என்று முடிவு செய்வோம். செலவே இல்லாமல் வேகம் கிடைக்கிற ஒரே இடம் இதுதான்.

வெள்ளிக்கிழமை பயிற்சியில் தம்பி ஆறாவது லேப்பிலேயே உள்ளே வந்துவிட்டான். பிரேக் பெடல் தரை வரைக்கும் போகுதுன்னான். இதற்குக் காரணம் பெரும்பாலும் பிரேக் ஆயில் கொதிப்பது. டாட் 4 ஆயில் புதிதாக இருந்தால் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் இருக்க வேண்டும் என்பது விதி. ஆனால் அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்தால், தாங்க வேண்டிய அளவு 155 டிகிரிதான். சென்னைக் காற்றின் ஈரத்தை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கொதித்தால் குமிழி வரும். ஆயில் அமுங்காது, குமிழி அமுங்கும். பெடல் உள்ளே போகும், கார் நிற்காது. அண்ணன் சீல் உடைக்காத புது டப்பாவைத் திறந்து, பழைய ஆயிலை முழுக்க வெளியேற்றி, நாலு சக்கரத்திலும் ஏர் எடுத்தார். அரைமணிக்கு மேல் ஆனது. கியரும் கொஞ்சம் முரண்டு பிடிக்குதுன்னு தம்பி சொன்னான். "அது அப்படியே இருக்கட்டுமுங்க. பிரேக் நின்னாப் போதும்," என்றார் அண்ணன்.

சின்ன டீமின் வேலை முறை முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. எதைச் செய்வது என்பதைவிட எதை விடுவது என்பதுதான் அங்கே கேள்வி. இரண்டு கையும் முக்கால் மணி நேரமும் இருக்கும்போது ஐந்து வேலையைத் தொட்டால் ஐந்தும் பாதியில் நிற்கும்.

ஞாயிற்றுக்கிழமை இது நிஜமாகவே சோதனைக்கு வந்தது. முதல் ரேஸின் மூன்றாவது லேப்பில் பக்கத்துக் காரோடு சக்கரம் உரசியது. திறந்த சக்கரக் கார்களில் சின்ன உரசல்கூட சஸ்பென்ஷனை வளைத்துவிடும். கார் கட்டி இழுக்கப்பட்டு வந்தது. முன் இடது கீழ் ஆர்ம் வளைந்திருக்கிறது, டை ராடும் வளைந்திருக்கிறது. அடுத்த ரேஸுக்கு இரண்டரை மணி நேரம். கையில் ஸ்பேர் ஒரு செட்.

அப்பா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "பையன ஓட்ட விடலாமா?"

"துடைச்சுப் பாக்காம சொல்ல மாட்டனுங்க."

ஆர்மைக் கழற்றிவிட்டு, அது சேசிஸோடு சேரும் இடத்தை அண்ணன் பெட்ரோல் துணியால் துடைத்தார். டார்ச் அடித்து வெல்டிங்கைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அங்கே முடி அளவு விரிசல் இருந்தாலும் பேக் பண்ணிக் கிளம்பிவிடுவது என்று பேசி வைத்திருந்தோம். ஆர்ம் உடைந்தால் வாங்கலாம், 150 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் பிய்ந்து போனால் எதையும் வாங்க முடியாது. தம்பி ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்தான். பத்து நிமிடம் கழித்து அண்ணன், "மாட்டிக்கலாமுங்க," என்றார்.

புது ஆர்மைப் பழைய நீளத்துக்கே கொண்டுவர, வெளியே தெரிகிற மரைகளை எண்ணி அதே எண்ணிக்கையில் நிறுத்தினார். அடுத்து அலைன்மென்ட். மெஷின் எல்லாம் கிடையாது. காரின் இரண்டு பக்கமும் ஸ்டாண்ட் வைத்து, காருக்கு இணையாக நூல் கட்டி, நூலுக்கும் ரிம்முக்கும் உள்ள இடைவெளியை முன் ஓரத்திலும் பின் ஓரத்திலும் ஸ்கேலால் அளப்பது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் சக்கரம் எந்தப் பக்கம் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்பது. கொத்தனார் நூல் பிடித்துச் சுவர் எழுப்புகிற அதே வித்தைதான். சரியாகப் பிடித்தால் அரை மில்லிமீட்டர் வரைக்கும் நம்பலாம். உடைந்த மூக்குக்கு டேப் சுற்றினோம். கியரை யாரும் தொடவில்லை. கடைசியாக டார்க் ரெஞ்சால் எல்லா வீல் நட்டையும் ஒருவர் முறுக்க, இன்னொருவர் சத்தமாக எண்ணினார்.

முதல் ரேஸை முடிக்காததால் கடைசி வரிசை, 18-வது இடம். தம்பி பதினோராவதாக வந்தான். கோப்பை இல்லை, மேடை இல்லை. முடிந்ததும் காரை எடை மேடையில் ஏற்றினார்கள். ஓட்டுநரோடு சேர்த்துக் குறைந்தபட்ச எடை இருக்க வேண்டும். டேங்கில் மிச்சமிருக்கிற பெட்ரோலும் எடைதான். லிட்டருக்கு முக்கால் கிலோ வரும், அதனால் அதையும் நாங்கள் முன்பே கணக்குப் போட்டிருந்தோம். பாஸ் என்று சீட்டு வந்த பிறகுதான் அப்பா போய் எல்லோருக்கும் டீ வாங்கி வந்தார்.

அந்த ஏழு இடங்களை ஏறிப் பிடித்தது தம்பிதான், சந்தேகமில்லை. ஆனால் அவன் ஒவ்வொரு திருப்பத்திலும் பயமில்லாமல் பிரேக்கை மிதித்தானே, அந்த நம்பிக்கை வெள்ளிக்கிழமை ஆயில் மாற்றியபோதும் ஞாயிறு மதியம் டார்ச் அடித்தபோதும் வந்தது.

அடுத்த முறை ரேஸ் பார்க்கப் போனால், கேலரியில் மட்டும் உட்காராதீர்கள். அனுமதி இருந்தால் இரண்டு ரேஸுக்கு நடுவில் ஒரு நடை பேடாக் பக்கம் போய் வாருங்கள். பெரிய கூடாரங்களைத் தாண்டி, கடைசியில், ஒரு காரைச் சுற்றி நூல் கட்டிக்கொண்டு யாராவது குனிந்து நிற்பார்கள். கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள். நூலில் மட்டும் கால் பட்டுவிடக் கூடாது.