ஆயில் லீக்: பேக்கிங் மட்டும்தான் காரணமா?

பழைய 350 சிசி ஒற்றை சிலிண்டர் வண்டி நிற்கிற இடத்தில் ஆயில் சொட்டினால், "பழைய வண்டின்னா அப்படித்தான் சார்" என்பார்கள். அப்படி விடக்கூடாது. ஆயில் மட்டம் ரொம்ப இறங்கினால் இன்ஜின் ஜாம் ஆகும். பின் டயரில் பட்டால் வளைவில் வழுக்கும்.

சின்னக் கணக்கு ஒன்று. சிலிண்டர் விட்டம் 70 மி.மீ., ஸ்ட்ரோக் 90 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். பிஸ்டன் ஒவ்வொரு முறை இறங்கும்போதும் கிராங்க்கேஸில் சுமார் 346 சிசி இடத்தைப் பிடிக்கிறது. 3000 ஆர்பிஎம்மில் இது நொடிக்கு 50 முறை! அங்கே இருக்கும் காற்றை வெளியேற்றத்தான் பிரீதர். சில இன்ஜின்களில் அதன் முனையில் வாத்து அலகு மாதிரி ரப்பர் வால்வு இருக்கும். காற்றை வெளியே விடும், உள்ளே விடாது. ரப்பர் இறுகினாலோ, குழாய் அடைத்தாலோ அழுத்தம் ஏறி, புது பேக்கிங் வழியாகவும் ஆயில் கசியும். என் வண்டியில் இரண்டு முறை பேக்கிங் மாற்றியும் நிற்காத கசிவு, இந்த ரப்பரை மாற்றியதும் நின்றது.

நான் பின்பற்றும் வரிசை:

1. ஆறிய இன்ஜினை மண்ணெண்ணெயால் துடைத்துக் காயவைத்து, முகப்பவுடர் தூவி, பத்து நிமிடம் ஓடவிடுங்கள். முதலில் நனையும் இடம்தான் ஊற்று. ஆயில் கீழே வழியும், காற்றில் பின்னால் போகும். அதனால் மேலேயும் முன்னாலும் தேடுங்கள்.

2. பிரீதர் வால்வைக் கழற்றி ஊதிப் பாருங்கள். ஒரு பக்கம்தான் காற்று போகணும்.

3. அது சரியென்றால் பிஸ்டன் ரிங் தேய்மானம் பாருங்கள்.

4. பேக்கிங் கடைசியில். மூடியைக் கண்ணாடி மேல் வைத்துச் சமமா என்று பாருங்கள். கோணலான மூடியில் போல்ட்டை இறுக்க இறுக்க இன்னும் கோணும்.