கிரவுன் ஆயிலை வீட்டிலேயே மாத்தலாம்

ராஜா அண்ணாமலைபுரத்தில் மழைத்தண்ணி தேங்குற தெருவுல உங்க வீட்டு பொலேரோ நின்னுச்சா? பின் அச்சு நடுவுல உருண்டையா தொங்குற டிஃபரன்ஷியலைப் பாருங்க. ஓடிச் சூடான ஹவுசிங் தண்ணியில் சட்டுனு குளிர்ந்தா உள்காற்று சுருங்கி, பிரீதர் வழியா தண்ணியை இழுத்துக்கும். ஆயில் மோர் மாதிரி வெளுத்திருந்தா கலந்தாச்சுன்னு அர்த்தம். அப்படியே ஓட்டினா பல்லும் பேரிங்கும் காலி.

சமதளத்துல நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைங்க. முதல்ல மேல் ஃபில்லர் பிளக்கைக் கழட்டுங்க. கீழே வடிச்சிட்டு அப்புறம் மேலே துருப்பிடிச்சு வரலைன்னா வண்டி அங்கேயே கிடக்கும் (அனுபவம்தான்!). வடிஞ்சதும் கீழ் பிளக்கை இறுக்கி, மேனுவல் சொல்ற கிரேடை ஃபில்லர் துளை விளிம்புல வழியுற வரை ஊத்துங்க. உலோகச் சில்லு வந்திருந்தா மெக்கானிக்கைக் கூப்பிடுங்க. பழைய ஆயிலை மட்டும் மழைநீர் வடிகாலில் ஊத்திடாதீங்க, பக்கத்துலயே அடையாறு முகத்துவாரம்.